சோளகம் சொல்ல ஓர் ஆள்

விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பெயர் கீர்த்திகா. வயது முப்பத்துநான்கு. ஊர் பொலிகண்டி. எடை ஐம்பத்திரண்டு கிலோ. இதுவரை ஆடிய தொழில்முறைப் போட்டிகள் இருபத்துமூன்று. கிக் பொக்சிங் பதினான்கு, குத்துச்சண்டை ஒன்பது. வென்றது பதினாறு, தோற்றது ஏழு. போட்டியின்போது மூலையில் நிற்கும் உதவியாளர்கள் என்ற இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் யாகப்பு என்று எழுதியிருந்தது. இரண்டாவது வரி வெறுமையாகக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ளை குடுக்கவேணும். பிறகு கந்தோரைப் பூட்டிப்போடுவாங்கள்," என்றார் யாகப்பு. "ஆற்றையாவது பேரை எழுதன் பிள்ளை. வாளி தூக்கிறதுக்குத்தானே."

"வாளி தூக்கிறதுக்கு இல்லை அண்ணை."

யாகப்புவுக்கு நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் ரயர் கடை. கடைக்கு மேல்மாடியில் பயிற்சி அறை. ஒரு காலத்தில் அவரும் குத்துச்சண்டைக்காரர்தான். மூக்கு அதற்குச் சாட்சி. கீர்த்திகாவைப் பன்னிரண்டு வருடமாகப் பழக்குகிறார். அவள் யாரை நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"உவனைக் கேட்டனியோ?"

"இன்னும் இல்லை."

"நாலு வருசமாக் கேக்காதவள் இனி மூண்டு நாளிலை கேக்கப்போறாயோ?"

உவன் என்று அவர் சொன்னது ஜெயதீபனை, கீர்த்திகாவின் அண்ணனை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கடைசிப் போட்டி, கிக் பொக்சிங். யாழ்ப்பாணத்தில் தொழில்முறைப் போட்டி நடப்பது இதுதான் முதல் தடவை. இருபத்துமூன்று தடவையும் கொழும்பு, கண்டி, கோலாலம்பூர், பாங்கொக் என்று மற்றவர்களுடைய ஊரில், மற்றவர்களுடைய கூச்சலுக்கு நடுவில் ஆடியவள் அவள். சொந்த மண்ணில் ஒரே ஒரு தடவை ஆடிவிட்டுக் கையுறையைக் கழற்றலாம் என்றிருந்தாள். அதில் வென்றால் நல்லது. ஆனால் அவள் ஆசைப்பட்டது வெற்றிக்கு அல்ல. மூலையிலிருந்து அண்ணனுடைய குரல் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

ஜெயதீபன் அப்போது கடலுக்குப் போகிறவன். காலையில் வலையைத் தட்டி முடித்துவிட்டு, மத்தியானம் தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்கு வருவான். பெண்பிள்ளைக்கு என்ன குத்துச்சண்டை என்று கேட்ட ஊர்க்காரருக்கு, "உங்களுக்குப் பயமெண்டாத் தள்ளி நில்லுங்கோ," என்று பதில் சொன்னவன். கைமெத்தை இரண்டையும் மாட்டிக்கொண்டு அவளுடைய குத்துகளை வாங்கியவன். ஒரு நாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மூலையிலிருந்து "இடது கை, வலது கால்" என்று கத்தினால் எதிராளியின் ஆட்களுக்கும் விளங்கும். காற்றின் பெயரைக் கத்தினால்?

வாடை என்றால் இடது கையால் நேர்க்குத்து. கச்சான் என்றால் வலது கை. கொண்டல் என்றால் விலாவுக்குக் கீழே இடது கையால் வளைத்து ஒன்று. சோளகம் என்றால் வலது காலால் எதிராளியின் தொடையில் ஓர் உதை. கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு இவற்றைப் படிப்பிக்கத் தேவையில்லை. எந்தக் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று உடம்புக்கே தெரியும். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய கால் எழும்பிவிடும். பாங்கொக்கில் ஒரு நடுவர் மூலைக்கு வந்து, இந்த ஆள் ஏதாவது மந்திரம் சொல்கிறாரா என்று கேட்டிருக்கிறார்.

பிறகு யாகப்புவுக்கும் இதைப் பழக்கிப் பார்த்தாள். அவர் கச்சானுக்கும் கொண்டலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். "எனக்குக் காத்து எண்டா ரயருக்கு அடிக்கிற காத்துத்தான் தெரியும்," என்று கைவிட்டுவிட்டார்.

நான்கு வருடத்துக்கு முன் கொழும்பில் நடந்தது தேசியப் பட்டத்துக்கான போட்டி. நாலாம் சுற்றில் ஜெயதீபன் "கொண்டல்" என்றான். அவளுடைய இடது கை எதிராளியின் விலாவுக்குக் கீழே இறங்கியது. அந்தப் பெண் முழங்காலில் விழுந்தாள். நடுவர் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. எழும்புவதற்கான அறிகுறியே இல்லை. பட்டம் கைக்குள் வந்துவிட்டது.

பொலிகண்டியில் கோயில் தீர்த்தத்தன்று கடலில் வள்ள ஓட்டம் நடக்கும். முதல் வள்ளத்தின் மூக்கு மணலில் முட்டினால் அந்த வள்ளத்தின் ஆட்கள் வியர்வை துடைக்கத் தோளில் கிடக்கும் துவாயை எடுத்து ஆகாயத்துக்கு எறிவார்கள். பத்து வயதிலிருந்து ஜெயதீபனுக்குத் தெரிந்த வெற்றி அது ஒன்றுதான். நடுவர் ஆறு என்று சொன்னபோது அவனுடைய கை தானாகத் தோளுக்குப் போனது. துவாய் மேலே போனது. அரங்கின் மின்விசிறிக் காற்றில் திரும்பிக் கயிற்றுக்கு உள்ளே விழுந்தது.

குத்துச்சண்டையில் மூலையிலிருந்து துவாய் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கள் ஆளுக்கு இனி முடியாது, போட்டியை நிறுத்துங்கள். நடுவர் எண்ணுவதை நிறுத்திக் கைகளைக் குறுக்கே வீசினார். முழங்காலில் கிடந்த பெண்ணை இரண்டு பேர் தூக்கி நிறுத்த, அவளுடைய கையை உயர்த்திக் காட்டினார்கள். முறையிட்டுப் பார்த்தார்கள். விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

உடைமாற்றும் அறையில் ஜெயதீபன் சுவரோடு நின்றான். கீர்த்திகா கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "இனிமேல் என்ரை மூலைப்பக்கம் வராதை," என்றாள்.

அவன் வரவில்லை. அவள் சொன்னதை அப்படியே கேட்டவன் அவன் ஒருவன்தான்.

அந்தத் துவாய் பறந்த காட்சியை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். பாட்டுச் சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு, வடமராட்சி முழுவதும் அனுப்பினார்கள். கடற்கரையில் இறங்கினால், "டேய் துவாய், இண்டைக்கு ஆருக்கு எறியப்போறாய்?" என்பார்கள். எட்டு மாதம் பொறுத்தான். பிறகு போட்டையும் வலையையும் விற்றுவிட்டு மனைவி குணலட்சுமியுடன் சண்டிலிப்பாய்க்குப் போய்விட்டான். அங்கே ஒருவருடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறான் என்று கேள்வி. கடலுக்குப் போனவன் தோட்டத்தில் நிற்கிறான் என்பதைக் கீர்த்திகாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, போய்ப் பார்க்கவும் இல்லை.

வியாழக்கிழமை போனாள்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி, மானிப்பாய்ப் பக்கம் போகும் பஸ் எடுத்து, இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். குணலட்சுமி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வா கீர்த்தி. என்ன உருகிப்போனாய்?"

"எடை குறைக்கிறன் மச்சாள்."

"அப்ப தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாமோ?"

"தேத்தண்ணியே வேண்டாம்."

"உன்னைப்போலை விருந்தாளி கிடைக்க நான் குடுத்துவைச்சிருக்கவேணும்," என்று சிரித்தபடி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். பிறகு முற்றத்துக் கொடியைக் காட்டினாள். இரண்டு சேட், மூன்று சாரம், ஒரு சட்டை, தலையணை உறை. "உதிலை என்ன இல்லை எண்டு சொல்லு பாப்பம்."

கீர்த்திகாவுக்கு உடனே விளங்கியது.

"நாலு வருசம். குளிச்சிட்டுப் பழைய சாரத்தாலை துடைக்கிறார். கடையிலை துவாய் தொங்கினாக்கூட மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நடக்கிறார். முதல் சிரிப்பாத்தான் இருந்தது." குணலட்சுமி சிரிக்கவில்லை. "ஒரு வீட்டிலை துவாய் இல்லாமல் சீவிக்கிறது எவ்வளவு கரைச்சல் தெரியுமே?"

"என்ரை போட்டியள் பாக்கிறவரோ மச்சாள்?"

"என்னட்டைக் கேட்டா இல்லை எண்டுதான் சொல்லச் சொல்லியிருக்கிறார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன வருசம் நீ கோலாலம்பூரிலை நிண்டனி என்ன? கிணத்தடியிலை போனை வைச்சுப் பாத்தவர். குசினிக்கு மட்டும் சத்தம். ஓடிப்போய்க் கேட்டா, மோட்டர் நிண்டுபோச்சாம், அதுக்குக் கத்தினவராம். மோட்டர் எண்டாச் சோளகம் எண்டோ கத்திறது?"

கீர்த்திகா கொடியில் ஆடிய சாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோலாலம்பூரில் அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. மூன்றாம் சுற்றில் மூலையைப் பார்த்தாள். யாகப்பு தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அடி வாங்கினாள். அந்த நேரம் இங்கே, கிணற்றடியில், அவன் சோளகம் என்று கத்தியிருக்கிறான்.

தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. புகையிலை இடுப்பளவுக்கு நின்றது. மோட்டார் ஓட, கணுக்கால் சேற்றில் ஜெயதீபன் மண்வெட்டியுடன் நின்று ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தான். தோள் வெறுமையாக இருந்தது. முகத்து வியர்வையைச் சேட்டின் கையால் துடைத்தவன், அவளைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப சரி," என்று மறுபடி குனிந்தான்.

அவள் வரம்பில் குந்தினாள். "ஞாயிற்றுக்கிழமை போட்டி அண்ணை."

"தெரியும். சங்கானைச் சந்தையிலை நோட்டீஸ் ஒட்டியிருக்கு. உன்ரை மூக்கைப் பெரிசாப் போட்டிருக்கிறாங்கள்."

"கடைசிப் போட்டி."

"அதையும் போட்டிருக்கு."

"எனக்கு இரண்டாவது ஆள் இல்லை."

அவன் மண்ணை வெட்டி வாய்க்காலை அடைத்தான். தண்ணீர் திரும்பி அடுத்த பாத்திக்குள் ஓடியது. அது கடைசிவரை போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். "யாகப்பு அண்ணை நிப்பார்தானே?"

"அவருக்குச் சோளகம் தெரியாது."

அவன் அடுத்த வாய்க்காலை வெட்டித் திறந்தான்.

"நீதானே வராதை எண்டாய்," என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"நான் சொன்னது பிழை."

"பிழையில்லை. பட்டத்தைத் துலைச்சவனைக் கொஞ்சவோ சொல்லுறது? அதை நான் ஒருநாளும் மனசிலை வைக்கேல்லை."

"அப்ப ஏன் வரமாட்டாய்?"

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "கீர்த்தி, அந்த மூலையிலை நான் நிண்டா சனம் உன்னைப் பாக்காது. என்ரை தோளைத்தான் பாக்கும். ஆராவது ஒருத்தன் பின்னுக்கிருந்து துவாய் எண்டு கத்துவான். நீ திரும்புவாய். அந்த நேரம் அவள் அடிப்பாள்."

"நான் திரும்பமாட்டன்."

"நான் திரும்புவன்," என்றான் ஜெயதீபன்.

கீர்த்திகா எழும்பிப் பின்பக்கத்து மண்ணைத் தட்டினாள். "உன்ரை பேரைத்தான் எழுதுவன்."

"எழுதாதை. நான் வரமாட்டன்."

"வராட்டிலும் எழுதுவன்."

"விசரி," என்றான். பிறகு, "பன்ரண்டரைக்கு ஒரு பஸ் இருக்கு. விட்டா இரண்டு மணிக்குத்தான்," என்றான்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் திருநெல்வேலியில், போட்டி நடத்துகிறவர்களின் கந்தோரில், மேசையில் வைத்தே இரண்டாவது வரியை நிரப்பினாள். ஜெயதீபன். அனுமதி அட்டைக்குப் படம் ஒன்று கேட்டார்கள். பையிலிருந்து பழைய கொழும்பு அட்டையை எடுத்து அதிலிருந்த படத்தை உரித்துக் கொடுத்தாள். நான்கு வருடமாகக் கையுறைப் பையின் அடியில் கிடந்த அட்டை அது. படத்தில் ஜெயதீபன் பல் தெரியச் சிரித்தான். தோளில் நீலக்கரைத் துவாய் தொங்கியது.

"இந்தப் படமோ பிள்ளை?" என்றார் யாகப்பு.

"வேறை இல்லை."

"வருவானோ?"

"வரமாட்டன் எண்டவர்."

யாகப்பு விண்ணப்பத்தை எடுத்து மேசைக்காரரிடம் நீட்டினார்.

சனிக்கிழமை தராசு ஐம்பத்தொன்று தசம் எட்டுக் காட்டியது. எதிராளி தாய்லாந்துக்காரி, இருபத்துநான்கு வயது. மரியாதையாகக் கை கூப்பினாள். கீர்த்திகாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அடிக்க வேண்டியவர்களில் சிலரை அப்படிப் பிடித்துவிடும்.

ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு அவளுடைய போட்டி. நகரத்து உள்ளரங்கு நிரம்பியிருந்தது. மேடைக்கு மேலே, நாலு மூலைக் கம்பங்களுக்கும் கம்பிகள் ஏற்றி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கயிற்றில் காகிதக் கொடிகள் கட்டியிருந்தார்கள், கோயில் திருவிழா மாதிரி. "பொலிகண்டிக் கீர்த்திகா" என்று ஒலிபெருக்கி சொன்னபோது எழுந்த சத்தத்தில் அவள் படியிலேயே ஒருமுறை நின்றுவிட்டாள். இருபத்துமூன்று தடவையில் ஒருநாளும் தன் பேருக்கு இப்படி ஒரு சத்தம் அவள் கேட்டதில்லை.

மூலைக்கு வந்தாள். யாகப்பு கழுத்தில் தன் அட்டையைப் போட்டிருந்தார். மற்ற அட்டை தண்ணீர் வாளியின் பிடியில் தொங்கியது. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம்.

வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு மணி அடித்தது.

முதல் சுற்றில் தாய்லாந்துக்காரி தூரத்தில் நிறுத்தி உதைத்தாள். காலை நீட்டி வயிற்றில் தள்ளிவிட்டு, கீர்த்திகா நிமிரும்போது அடித்தாள். இரண்டாம் சுற்றிலும் அதுவே. மூன்றாம் சுற்றில் இடது காது கொதித்தது. அவளுடைய கைகள் வேலை செய்தன. ஆனால் எப்போது, எதை என்ற கணக்குத்தான் அரை நொடி பிந்தியது. முன்பு அந்த அரை நொடியை வேறு ஒருவன் வைத்திருந்தான்.

"கையைத் தூக்கு, கையைத் தூக்கு," என்று யாகப்பு கத்தினார். பிறகு அவரும் துணிந்தார். "வாடை. இல்லையில்லை, கச்சான். பிள்ளை, ஏதோ ஒரு காத்து, அடி."

இடைவேளையில் காதில் ஐஸ் வைத்தார். "மூண்டும் அவளுக்குத்தான். இனி விழுத்தினால்தான் உண்டு."

கீர்த்திகா வாளிப் பிடியில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். நாலாம் சுற்றுக்கு எழும்பினாள்.

தாய்லாந்துக்காரி மறுபடி காலை நீட்டினாள். கீர்த்திகா பின்னால் போனாள். இன்னொருமுறை நீட்டினாள். பின்னால் போனாள். அப்போது சனத்தின் இரைச்சலுக்கு மேலாக, எங்கோ உயரத்திலிருந்து, கடலில் ஒரு போட்டிலிருந்து மறு போட்டுக்குக் கூப்பிடுகிற தொண்டையில் அது வந்தது.

"சோளகம்."

அவள் யோசிக்கவில்லை. வலது கால் எழும்பிப் போய் எதிராளியின் தொடையில் இறங்கியது. தாய்லாந்துக்காரியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சுருக்கம் விழுந்தது.

"சோளகம். சோளகம். கொண்டல்."

உதை, உதை, விலாவுக்குக் கீழே இடது கை. எதிராளி கயிற்றில் சாய்ந்தாள். மேல் வரிசையில் யாரோ அடையாளம் கண்டுவிட்டார்கள். "டேய், இது துவாய் அண்ணையடா," என்று ஒருவன் கத்தினான். கொல்லென்று ஒரு சிரிப்பு எழும்பியது. "துவாய், துவாய்" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

கீர்த்திகா திரும்பவில்லை. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் திரும்புவான், நிறுத்துவான், எழும்பிப் போய்விடுவான்.

"வாடை," என்றது குரல். முன்னையிலும் பலமாக. "வாடை, கச்சான்."

மணி அடித்தபோது அவள் வந்து ஆசனத்தில் இருந்தாள். யாகப்பு அவளுடைய தலைக்கு மேலாகப் பார்த்தார். "மேல் வரிசை, கடைசித் தூணடி. திரும்பிப் பாக்காதை."

"பாக்கேல்லை."

"சிரியாதை. பல்லுக் காப்பு விழப்போகுது."

ஐந்தாம் சுற்று முழுவதையும் ஜெயதீபன் மேலிருந்து நடத்தினான். எந்தக் காற்றைச் சொன்னானோ அந்தக் காற்று அடித்தது. தாய்லாந்துக்காரி நல்ல ஆள். தொடை வீங்கி, காலை இழுத்து இழுத்து நடந்தாலும் விழவில்லை. கடைசி மணி அடிக்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

தீர்ப்பு வந்தது. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தேழு. நடுவர் தாய்லாந்துக்காரியின் கையை உயர்த்தினார். கடைசி இரண்டு சுற்றையும் கீர்த்திகா எடுத்திருந்தாள். முதல் மூன்றை விட்டிருந்தாள். ஒரு புள்ளி. எட்டாவது தோல்வி.

அரங்கு முணுமுணுத்தது. யாகப்பு அவளுடைய கழுத்தில் துவாயைப் போட்டார். கீர்த்திகா இப்போதுதான் திரும்பி மேல் வரிசையைப் பார்த்தாள். கடைசித் தூணோடு அவன் நின்றான். வெறும் தோள். இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தான். மூன்று சுற்று வாயைப் பொத்திக்கொண்டிருந்ததற்காக இனி எத்தனை வருடம் தன்னைத் தின்னப்போகிறானோ. இப்படியே போய்விடுவான். வாசல் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பஸ்ஸும் இருக்கும். அவனுக்குத்தான் பஸ் நேரம் எல்லாம் பாடமாயிற்றே.

அவள் கழுத்திலிருந்த துவாயை உருவினாள். வள்ளத்தின் மூக்கு மணலில் முட்டும்போது எறிவார்களே, அப்படி, உள்ள பலம் எல்லாம் சேர்த்து மேலே எறிந்தாள்.

துவாய் போய்க் கொடிக் கயிற்றில் சிக்கிக்கொண்டது.

அரங்கு முழுவதும் அண்ணாந்து பார்த்தது. பிறகு சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. துவாய் மூலைக்கு மேலே இரண்டு காகிதக் கொடிகளுக்கு நடுவில் மூன்றாவது கொடி மாதிரித் தொங்கி ஆடியது. யாகப்பு எட்டிப் பார்த்தார். துள்ளிப் பார்த்தார். குட்டையான மனிதர்.

"அந்தத் துவாயை ஆராவது எடுத்துவிடுங்கோ," என்றது ஒலிபெருக்கி. "அடுத்த போட்டி தொடங்கவேணும்."

மேல் வரிசையிலிருந்து ஒருவன் படிகளில் இறங்கி வந்தான். செருப்பைக் கையில் பிடித்திருந்தான். சனம் வழிவிட்டது. மேடைப் படியில் நின்ற அலுவலர் கையைக் குறுக்கே நீட்டினார். "அட்டை இல்லாமல் மேலை ஏறேலாது அண்ணை."

ஜெயதீபன் படியடியில் நின்றான். திரும்பிப் போவதா என்று ஒரு கால் யோசித்தது.

கீர்த்திகா வாளியின் பிடியிலிருந்து அட்டையைக் கழற்றினாள். கையுறையோடு அது வசப்படவில்லை; யாகப்பு உதவி செய்தார். கயிறுகளுக்கு நடுவால் குனிந்து, அண்ணனுடைய கழுத்தில் அதைப் போட்டாள்.

அலுவலர் படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "படத்திலை தோளிலை துவாய் இருக்கு. உங்களிலை இல்லை."

"மேலை தொங்குது," என்றான் ஜெயதீபன்.

அலுவலர் கையை எடுத்துவிட்டார்.

மூலைக் கம்பத்தில் கால் வைத்து, இரண்டாவது கயிற்றில் ஏறி, பாய்மரத்தில் சிக்கிய கயிற்றை எடுக்கிற மாதிரி ஒரே எட்டில் துவாயை எடுத்தான். இறங்கி, உதறினான். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவன்போல நின்றான்.

"மூண்டு சுற்று சும்மா இருந்தனி," என்றாள் கீர்த்திகா.

"மூலைப்பக்கம்தானே வராதை எண்டாய். மேல் வரிசையிலை இருந்து கத்தலாமோ இல்லையோ எண்டு யோசிச்சு முடிய மூண்டு சுற்றுப் போட்டுது."

"கத்தியிருந்தா வெண்டிருப்பன்."

"ஓம்," என்றான். "வெண்டிருப்பாய்." பிறகு அவளுடைய காதைப் பார்த்தான். முகம் மாறியது. ஆசனத்தைக் காலால் இழுத்து மூலையில் வைத்தான். "இரு."

"போட்டி முடிஞ்சுது அண்ணை."

"தெரியும். இரு."

அடுத்த போட்டிக்காரர் இருவரும் படியில் வந்து நின்றார்கள். ஒலிபெருக்கி இருமியது. கீர்த்திகா ஆசனத்தில் இருந்தாள். ஜெயதீபன் துவாயை வாளித் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து, அவளுடைய காதில் வைத்து அழுத்தினான்.